பெட்ரோல் வரும் வழி

பெங்களூர் டவுன் ஹாலருகே தொடங்கி, இரவீந்திர கலாக்ஷேத்திரத்தைக் கடந்து, மினர்வா சதுக்கம் வரையில் தெற்கு நோக்கிச் செல்லும் ஒரு சாலை உண்டு. மைசூரின் கடைசி மன்னர் ஜயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கியது அது. ஆயினும் முழுப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஆட்டோ ஓட்டுநர் ஒரு கணம் திகைப்பார், ‘ஜே.சி. ரோடு’ என்றால்தான் அவருக்கு விளங்கும். கலாக்ஷேத்திரத்திற்கு நாடகம் காண வருவோர் சிலர். மற்றையோரிற் பெரும்பாலோர் மோட்டார் வண்டியின் உறுப்பு ஏதேனும் ஒன்றைத் தேடியே இச்சாலைக்கு வருகின்றனர்.

கடைகளின் முகப்பில் விளக்குக் கண்ணாடிகளும் பம்பர்களும் தோரணம்போல் தொங்கும். உள்ளே தரையிலிருந்து கூரை வரையில் அட்டைப் பெட்டிகள். வேண்டிய பொருளின் பெயர் தெரியவில்லையே என்று கவலுற வேண்டுவதில்லை. பழுதான உறுப்பைக் காகிதத்திற் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். கடைக்காரர் அதனை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஏணிமேல் நிற்கும் பையனுக்கு ஒரு குரல் கொடுப்பார். கன்னடம், தமிழ், உருது, இந்தி ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்துள் பகையின்றி வாழ்வதை இங்கே கேட்கலாம். விலை குறைத்துக் கேட்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழிக்குத் திரும்பிவிடுகின்றனர்.

அண்மையில் ஒரு சனிக்கிழமை, நண்பர் ஒருவருடன் அச்சாலைக்குச் செல்ல நேர்ந்தது. அவரிடம் 1986-ஆம் ஆண்டின் பிரீமியர் பத்மினி வண்டி ஒன்று இருக்கிறது. அது அவர் தந்தையார் வாங்கியது. எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என இந்நகரில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த தொழிற்சாலைகள் தமிழ்நாட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்களை இங்கே அழைத்து வந்தன என்பதை நம் அன்பர்கள் அறிவர். ஆம்பூரிலிருந்து அவ்வாறு வந்தவருள் நண்பரின் தந்தையாரும் ஒருவர். ஓய்வு பெற்ற ஆண்டில், கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் இவ்வண்டியை வாங்கினார். அன்று முதல் ஆண்டுதோறும் குலதெய்வ வழிபாட்டிற்கு அக்குடும்பம் ஆம்பூர் சென்று மீள்வது இதில்தான்.

பத்மினியின் வரலாறு வாசகர் பலருக்கும் தெரிந்ததே. பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தார் 1964 முதல் உருவாக்கிவந்த ஃபியட் 1100 வண்டியே பின்னாளில் சித்தூர் அரசியின் பெயரைப் பெற்றது. 2000-ஆம் ஆண்டளவில் அதன் உற்பத்தி நின்றது. மும்பைத் தெருக்களில் டாக்சியாக ஓடிய கடைசிப் பத்மினிகளும் 2023 அக்டோபர் இறுதியோடு விடைபெற்றன. இன்று அதனை வைத்திருப்போர் அன்பினாலன்றி வேறு காரணத்தால் வைத்திருக்கவில்லை.

நண்பரின் வண்டிக்கு மூன்று மாதமாக ஒரு நோய். நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்; அரை மணி நேரம் சென்றதும் இருமும், குலுங்கும், வலுக்குன்றி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் புறப்படும். ஓரிரவு பத்து மணியளவில், சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் சிட்டி வரையில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீட்டர் நீளும் மேம்பாலச் சாலையில் அது நின்றது. அது நின்ற இடத்தில் ஒதுங்க வழி இல்லை. பின்னிருக்கையில் எண்பத்தாறு வயது அன்னையார். பின்னால் விரைந்து வரும் வண்டிகளுக்குக் கைவிளக்கை ஆட்டியபடி நண்பர் நின்றார். அன்னையார் அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. வீடு சேர்ந்தபின், “இனி நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

கணிப்பொறித் துறையிற் பணிபுரியும் மகன், “பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் அப்பா” என்றான். நகரிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தாரோ, பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கார்புரேட்டரை மாற்றி, எஞ்சினையும் இறக்கிப் பார்க்கவேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தனர். அத்தொகை வண்டியின் விலையினும் மிகுதி. அதன் பின்னரே நண்பர், வில்சன் கார்டனில் மரத்தடியிலே தொழில் நடத்தும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுசென்றார். இந்நகரத்து வழக்கப்படி எல்லோரும் அவரை மேஸ்திரி என்றே அழைக்கின்றனர். என்னையும் உடன் அழைத்தார். அதனால் நிகழ்ந்ததை நேரிற் கண்டேன்.

மேஸ்திரி பானட்டைத் திறக்கவில்லை. பீடியை அணைத்து எறிந்துவிட்டு, மருத்துவர் நோயாளியைக் கேட்பதுபோல் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

“நிற்பதற்கு முன்னால் வண்டி இருமுகிறதா சார், இல்லை சுவிட்சை அணைத்தாற்போல் பட்டென்று நிற்கிறதா?”

“இருமுகிறது மேஸ்திரி. இழுவை குறைந்து, குறைந்து, பிறகுதான் நிற்கிறது.”

இவ்வொரு கேள்வியிலேயே பாதி வழக்குத் தீர்ந்துவிடுகிறது. எஞ்சின் ஓடுவதற்குப் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வேண்டும். அதைக் கொளுத்தும் மின்பொறி வேண்டும். காயில், கண்டென்சர் போன்றவை சூடேறிப் பழுதுற்றால் பொறி திடீரென அறும். வண்டியும் திடீரென அடங்கும். பெட்ரோல் குறைந்து வருமானால், பசித்தவன் தள்ளாடுவதுபோல் எஞ்சினும் தள்ளாடித் தள்ளாடி நிற்கும். மாறாகச் சிக்னலில் நிற்கும்போது மட்டும் அணைந்து, வேகத்தில் நன்றாக ஓடினால், கார்புரேட்டரில் மெல்லோட்டத்திற்கென உள்ள ஊசித்துளை போன்ற ஜெட் அடைபட்டிருத்தல் கூடும். கரும்புகை கக்கி, பெட்ரோல் நாற்றமும் வீசினால் குறை வேறு. புளோட்டின் நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி வழிகிறது என்று கொள்ளலாம். நண்பர் வண்டி வேகத்தில் நிற்பது, புகையின்றி நிற்பது, சற்றே ஓய்ந்தால் மீண்டும் எழுவது. ஆகவே பட்டினி நோய் என்பது உறுதி. உணவு வரும் வழியில் எங்கே தடை என்பதே இனிக் காணவேண்டுவது.

அவ்வழி நீளமானதன்று. பின்னாலுள்ள டாங்கிலிருந்து ஒரு குழாய் வண்டியின் அடியாக முன்னே வருகிறது. எஞ்சினின் பக்கத்திலுள்ள பம்பு அதனை உறிஞ்சிக் கார்புரேட்டருக்குத் தள்ளுகிறது. இப்பம்பை நம் தொழிலாளர் ‘ஏ.சி. பம்பு’ என்பர், அதற்கும் குளிர்சாதனத்திற்கும் தொடர்பில்லை. எஞ்சின் சுழல உள்ளேயுள்ள நெம்புகோல் ஆடுகிறது. அதனால் டயப்ரம் என்னும் மெல்லிய தோல் மேலும் கீழும் அசைந்து, ஒருபுறம் உறிஞ்சி மறுபுறம் உமிழ்கிறது. அத்தோல் கிழிந்தால் பெட்ரோல் கசிந்து எஞ்சின் எண்ணெயிலும் கலந்துவிடும். எண்ணெய் பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்தாலே அது தெரியும். மேஸ்திரி முகர்ந்தார், தலையசைத்தார். டயப்ரம் கிழியவில்லை.

இத்தகைய நோயில் ஐயுறத்தக்கவை நான்கு. டாங்கின் மூடியில் காற்றுப் புகும் சிறுதுளை அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பின் உறிஞ்சலை எதிர்க்கும். நின்ற வண்டியின் மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் குற்றவாளி அகப்பட்டான் என்க. இங்கே ஓசை இல்லை. காயில் மீதும் ஐயம் முழுதும் நீங்கவில்லையாதலால், வேறு எதனையும் கழற்றுமுன் அதனையும் சோதித்தார். எஞ்சினைக் கொட்டகையிலேயே வேகமாக ஓடவிட்டு, இருபது நிமிடத்தில் அது அடங்கியதும், தனியே ஒரு பிளக்கைக் கம்பியில் மாட்டி எஞ்சின் இரும்பில் தொடவைத்துச் சுழற்றினார். நீலப்பொறி பளிச்சிட்டது. காயில் குற்றமற்றது.

மூன்றாவது, நம்மவர் ‘ஏர்லாக்’ என்று சொல்வது. வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழாய் நின்றுவிட, பம்பு ஆவியை உறிஞ்சி ஏமாறுகிறது. இதற்குப் பெங்களூர் வாய்ப்பான ஊர் என்றே சொல்லவேண்டும். நம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் சென்னையிலிருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் இங்கே நூறு பாகைக்கு முன்பே, ஏறக்குறைய 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதிப்பதை நம் இல்லத்தரசியர் அறிவர். பெட்ரோலும் அவ்வாறே எளிதில் ஆவியாகிறது. சில்க் போர்டு நெரிசலில் அரை மணி நேரம் காற்றோட்டமின்றி வெந்துகொண்டு நிற்கும் பழைய எஞ்சினுக்கு இது போதாதா? கிருஷ்ணகிரியில் வெயிலோடு புறப்பட்டுச் சூளகிரி ஏற்றம் ஏறிவரும் வண்டிகள் ஓசூருக்கு முன் பெருமூச்சு விட்டு நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுச் சற்றுப் பொறுத்தால் சரியாகும். ஆயினும் நண்பரின் வண்டி குளிர்ந்த இரவிலும் நின்றது, காலையிலும் நின்றது. ஆதலின் மேஸ்திரி இதனையும் விலக்கினார்.

எஞ்சியது டாங்கும் அதிலிருந்து வரும் குழாயும். அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பொறி எழாதபடி காயிலின் கம்பியைக் கழற்றினார். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் விட்டு, எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். விட்டுவிட்டுப் பீச்சி அடிக்கவேண்டிய பெட்ரோல், சோம்பிச் சொட்டியது. சொட்டோடு குமிழ்களும் வந்தன. அடுத்து, டாங்கிலிருந்து வரும் குழாயை விலக்கிவிட்டு, ஒரு சிறு தகரக் குவளையிலிருந்து புதுக்குழாய் வழியாகப் பம்புக்குப் பெட்ரோல் ஊட்டினார். குமிழ்கள் மறைந்தன, பெட்ரோல் துடிப்போடு பாய்ந்தது. குழாய்களையும் கம்பியையும் மாட்டி, குவளைப் பெட்ரோலிலேயே எஞ்சினை ஓட்டினார். முன்னே இருபது நிமிடத்தில் அடங்கிய எஞ்சின், அரை மணிக்கு மேலும் ஒரே சீராக ஓடியது. பம்பு நல்லது, கார்புரேட்டர் நல்லது, எஞ்சின் நல்லது. மாற்றச்சொல்லி எழுதிக் கொடுத்தவை எல்லாம் நல்லவை!

அடியிலிருந்த ரப்பர்க் குழாயைக் கழற்றிக் கத்தியால் நீளவாக்கிற் பிளந்தார். வெளியே வயதான தோற்றமன்றி வேறு குறையில்லை. உட்புறமோ ஊறிப் பருத்து, தோல் தோலாக உரிந்திருந்தது. சிறுவெடிப்புகளின் வழியே பெட்ரோல் வெளியே சொட்டவில்லை; உறிஞ்சும் குழாயாதலின் காற்றுத்தான் உள்ளே புகுந்தது. டாங்கைக் காலி செய்தபோது துருச் செதில்களும் பழுப்பான பிசின் துணுக்குகளும் வந்து விழுந்தன. அவை உறிஞ்சலில் இழுபட்டு, குழாயின் வாயிலுள்ள சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் அற்றுப்போக, மெல்ல உதிர்ந்து அடியிற் படியும். பத்து நிமிட ஓய்வின் மருமம் இதுவே.

முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் டாங்கின் சுவரில் அசையாதிருந்த அழுக்கு இப்போது ஏன் பெயர்ந்தது? இதற்கும் நம் ஊருக்கும் ஓர் இயைபு உண்டு. 2023 பிப்ரவரி 6 அன்று, பெங்களூரில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வாரத்தில்தான், நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். முதற்கண் 84 பங்குகளில் வந்த அது, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் பெறப்படும் எத்தனாலால் அந்நியச் செலாவணி மிச்சம், உழவர்க்கும் வருவாய். அதனை நான் குறைகூற வரவில்லை. ஆனால் எத்தனால் ஒரு கரைப்பான். பழைய டாங்கில் ஒட்டிய பிசினைப் பெயர்த்துவிடுகிறது. பழைய வகை ரப்பரை ஊறச்செய்து கெடுக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். வண்டி நாட்கணக்கில் ஓடாது நின்றால், ஈரம் மிகுந்து, நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். துருவுக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் வேறில்லை. அண்மையில் வந்த வண்டிகள் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. 1986-இன் வண்டிக்கு அந்நாளில் யாரும் இதைச் சொல்லவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உயரமான ஊரில் காற்றுக் குறைவால் கலவையில் பெட்ரோல் சற்று மிகும். எத்தனாலோ கலவையை மெலியச் செய்யும். எனவே பெங்களூரில் ஒன்று மற்றொன்றை ஓரளவு ஈடுசெய்துவிடுகிறது. சென்னை நண்பர்க்கு அந்தப் பேறு இல்லை!

இவ்வாறு நோய் இன்னதெனத் தெரிந்த பின்னரே நாங்கள் கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம். மேஸ்திரி எழுதித் தந்த சீட்டு மிகச் சிறியது. சல்லடையோடு கூடிய உறிஞ்சுகுழல் புதிதாகக் கிடைக்காதென்பதால் முதலிற் சிவாஜிநகர். அங்கே பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில், பத்மினிகளும் அம்பாசடர்களும் எலும்பெலும்பாகக் கிடக்கின்றன. கடைக்காரர் நம்மவரே. “அண்ணே, இது நாலு இருந்தது, மூணு போச்சு” என்று சொல்லி, குவியலின் அடியில் கைவிட்டு எடுத்தார். கழுவிப் பார்த்ததில் சல்லடை கண்ணுக்குக் கண் முழுமையாக இருந்தது.

பிறகே ஜே.சி. சாலை. குழாய் வாங்கும்போது மேஸ்திரி சொல்லியனுப்பியது ஒன்று: சாதாரணப் பெட்ரோல் குழாய் ஆகாது, எத்தனாலைத் தாங்கும் உள்ளுறை கொண்டதாய், மேலே ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டதாய் இருக்கவேண்டும். முதற்கடையில் “எல்லாம் ஒன்றுதான் சார்” என்றனர். இரண்டாவதிலும் அதே விடை. மூன்றாவது கடை முதலாளி மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்து, சுருளை வெளிச்சத்திற் பிடித்து எழுத்தைப் படித்துக் காட்டினார். விலை மும்மடங்கு. நண்பர் பேரம் பேசவில்லை. உள்ளிருப்பது தெரியும் கண்ணாடி வடிகட்டி இரண்டும், பம்புக்குப் புது டயப்ரம் அடங்கிய ரிப்பேர் கிட்டும் வாங்கினோம். டயப்ரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் பழைய ரப்பர்தானே என்றார் நண்பர்.

வடிகட்டியைக் கையில் வைத்துப் பார்க்கையில், உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணம் நினைவுக்கு வந்தது. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் செய்த வண்டியில், அவரிடம் சொல்லாமலே இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து தாய்வீடு சென்றார். வழியில் எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக்கடையில். எரிபொருட் குழாய் அடைபட்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தித் திறந்தார். மோட்டார் வண்டி பிறந்தபோதே இந்நோயும் பிறந்துவிட்டது. முதல் வைத்தியமும் ஒரு பெண்மணி செய்ததே.

திரும்பும்போது வில்சன் கார்டனை அடுத்த ஆடுகோடி வழியாக வந்தோம். 1951-இல் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனம் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் பீச்சும் பம்புகளையும் செய்துவந்த இடம் அது. 2008-இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என மாறிவிட்டது. ஆனால் மைக்கோ லேஅவுட் என்ற ஊர்ப்பெயரில் பழம்பெயர் இன்னும் வாழ்கிறது. எரிபொருளை அளந்து ஊட்டும் நுண்தொழிலில் இந்நகரத்துக்கு இத்தனை பழக்கம் உண்டு.

தம் வண்டியைத் தாமே திறந்து பார்க்க எண்ணும் அன்பர்களுக்கு அஞ்சத்தக்கது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு படர்ந்து, எங்கோ உள்ள நெருப்பைத் தேடிச் சென்று பற்றிக்கொண்டு வரும். குழாயைக் கழற்றுமுன் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுதல் நன்று. எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். வெள்ளிக்கிழமைக் கற்பூரமும் பீடியும் அவ்விடத்தை நெருங்கலாகாது. உலர்தூள் நிரம்பிய தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். நின்ற வண்டியை எழுப்பக் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு. எஞ்சின் ஒருமுறை திருப்பித் தும்மினால் ஊற்றுபவர் முகம் வெந்துவிடும். வெளியே கசியும் குழாயோடு ஒரு மைல்கூட ஓட்டலாகாது. கீழே செஞ்சூட்டில் புகைக்குழாய் இருக்கிறது.

இன்றைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பம்பு மின்சாரத்தால் இயங்கி, டாங்கினுள்ளே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்னிருக்கைப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேளாவிட்டால் பம்பையோ அதன் ஃபியூஸையோ ஐயுறலாம். எப்போதும் டாங்கை வற்றவைத்தே ஓட்டுவோர், பம்பைக் குளிர்விக்கும் பெட்ரோலை அதற்கு மறுக்கின்றனர்.

திங்களன்று மாலைக்குள் டாங்கு கழுவி உலர்த்தப்பட்டு, குழாய்கள் மாற்றப்பட்டன. கூலியும் பொருளும் சேர்ந்து, முன்னர் எழுதித் தந்த மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு நண்பரும் நானும் ஓசூர், சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வரையில் இறங்கி, வேண்டுமென்றே நண்பகல் வெயிலில் ஏறி வந்தோம். எங்கும் நிற்கவில்லை. ஓசூரில் தேநீர் அருந்தியபோது பானட்டைத் திறந்து பார்த்தோம். வடிகட்டியின் அடியில் விரல்நகத்தளவு பழுப்புத் தூள் படிந்திருந்தது. டாங்கில் ஒட்டியிருப்பது இன்னும் சில நாள் வரும், ஐந்நூறு கிலோமீட்டருக்குப்பின் மற்றதை மாட்டுங்கள் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார்.

சென்ற மாதம் குலதெய்வ வழிபாட்டிற்கு ஆம்பூர் புறப்பட்டனர். மகன் வாடகைக் காருக்குச் சொல்லிவைத்திருந்தான். அன்னையார் கூடையோடு வாசலுக்கு வந்து, இரு வண்டிகளையும் பார்த்தார். பிறகு பத்மினியின் பின்கதவைத் தாமே திறந்து ஏறி அமர்ந்து, “மேலே போகவேண்டாம்; கீழ் ரோட்டிலேயே போ” என்றார். நண்பர் கீழ்ச்சாலையிலேயே ஓட்டினார். கூட்டத்தில் ஊர்ந்து எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம்.